ஸீ ஷெத்லியின் இடது காது

எனக்கு முதலில் கிடைத்தது அவருடைய குரல். ஆள் வெகு காலம் கழித்துத்தான் வந்தார்.

துனிஸ் தலைமைத் தபால் நிலையத்தில் தந்திப் பிரிவில் எனக்கு வேலை. தினமும் காலை ஏழு பத்துக்கு ஹம்மாம்-லிஃப் ஸ்டேஷனில் கைப்பையும் கையுமாக நிற்பேன். ஒலிபெருக்கி ஒரு தடவை கரகரக்கும். பிறகு அந்தக் குரல் வரும். எஸ்ஸஹ்ரா, ரதேஸ், மெக்ரீன் வழியாகத் துனிஸ் செல்லும் வண்டி முதல் பிளாட்பாரத்துக்கு வருகிறது என்று சொல்லும். அவ்வளவுதான். எவன் சொன்னாலும் அதே ரயில்தான் வரப்போகிறது. ஆனால் அந்தக் குரல் சொன்னால், இன்றைக்கு எல்லாம் ஒழுங்காக நடந்துவிடும் என்று எனக்கு ஒரு தெம்பு வரும். அவருக்கு விடுமுறை என்றால் வேறு எவனாவது மைக்கைக் கடித்துத் தின்கிற மாதிரி கத்துவான். அன்றைக்கு முழுவதும் ஆபீசில் எல்லோர் மேலும் எரிந்து விழுவேன். இருபத்தெட்டு வருடம் இப்படி ஓடியது. குரலுக்கு உரிய முகத்தை நான் தேடிப் போனதில்லை. படுத்த படுக்கையாக அம்மா, படிக்கிற தம்பிகள் மூன்று பேர், இதற்கு நடுவே கல்யாண வயது என்னை ஒரு வார்த்தை கேட்காமலே தாண்டிப் போய்விட்டது. ஒலிபெருக்கிக் குரல்மேல் ஆசை என்று யாரிடம் போய்ச் சொல்வது? கைகொட்டிச் சிரித்திருப்பார்கள்.

குரலுக்குச் சொந்தக்காரர் பெயர் ஷெத்லி. ஊருக்கு அவர் ஸீ ஷெத்லி, அதாவது ஷெத்லி ஐயா. அப்பா வெந்நீர் ஊற்றுக் குளியல் வீட்டில் துண்டு எடுத்துக் கொடுக்கிறவர். மகன் பத்தொன்பது வயதில் ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கச் சேர்ந்து, குரல் நன்றாக இருக்கிறது என்று மைக்குக்கு முன்னால் உட்கார வைக்கப்பட்டு, அந்த நாற்காலியிலேயே ஓய்வு பெற்றார். மனைவி தலந்தா, பக்கத்து ஊர் ஸொலிமானிலிருந்து வந்தவள், தையல் வேலை செய்தவள். ஒரே மகள் இனேஸ், தெற்கே ஸ்ஃபாக்ஸில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். சொன்னால் நான்கு வரியில் முடிந்துவிடுகிற வாழ்க்கை. ஆனால் அந்த மனிதர் பிளாட்பாரம் நெடுக, காலியான ஆலிவ் எண்ணெய் டின்களில் ஜெரேனியம் வைத்து, வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றினார். ஓய்வு பெற்ற பிறகு அவருடைய இடத்துக்கு வந்தவனுக்குச் செடியாவது கொடியாவது. ஆகவே இவரே தினமும் வீட்டிலிருந்து பூவாளியைத் தூக்கிக்கொண்டு, பயணி மாதிரி ஸ்டேஷனுக்கு வந்து ஊற்றிவிட்டுப் போனார்.

இதை ஒரு நாள் ஹயாத் பார்த்துவிட்டாள். ஹயாத் என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றாளே தவிர, தலைமையிலிருந்து இன்றுவரை ஓய்வு பெறவில்லை. அந்த ஒற்றைப் பூவாளியைப் பார்த்ததும் அவளுக்குச் சங்கம் தொடங்கும் யோசனை வந்தது. நகராட்சிக்கு நடையாய் நடந்து, இரட்டைக் கொம்பு மலையின் அடிவாரத்தில், பாழாய்க் கிடந்த நீரேற்று அறைக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் வாங்கினாள். மலையடித் தோட்டச் சங்கம் என்று பலகை எழுதினாள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் செயலாளர் ஆக்கினாள். வியாழக்கிழமை மாலை கூட்டம். சட்டம் இரண்டே இரண்டு. கூட்டத்தில் அரசியல் பேசக் கூடாது, வியாதியைப் பற்றிப் பேசக் கூடாது. மீறினால் பத்து வாளி தண்ணீர் சுமக்க வேண்டும். அந்த இரண்டாவது சட்டம் கடைசியில் என் தலையில்தான் விடிந்தது.

முதல் வியாழக்கிழமை நான் மண்வெட்டியோடு குனிந்திருந்தேன். பின்னால் யாரோ, மண் இன்றைக்கு ஈரமாக இருக்கிறது, நாளைக்கு நடலாம் என்றார்கள். என் கையிலிருந்து மண்வெட்டி நழுவிக் காலில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். சிவப்புக் கம்பளித் தொப்பி, நரைத்த மீசை, வலது காதின் மேல் ஒரு மல்லிகைச் செண்டு. என்னம்மா, அடிபட்டுவிட்டதா என்று பதறிப்போய்க் கேட்டார். இருபத்தெட்டு வருடமாக என்று சொல்ல முடியுமா? இல்லை என்று சொன்னேன்.

அந்தச் செண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஆண்கள் கோடை வந்தால் சாயங்காலம் காதில் மல்லிகை இல்லாமல் வெளியே இறங்க மாட்டார்கள். விரியாத மொட்டுகளை உலர்ந்த புல் தண்டுகளில் செருகி, நூலால் இறுக்கிக் கட்டிய சின்னச் செண்டு. வலது காதில் வைத்தால் வீட்டில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். இடது காதில் வைத்தால் ஆள் தனி, மனசுக்குப் பிடித்த துணை கிடைத்தால் தேவலை என்று அர்த்தம். ஸீ ஷெத்லிக்குத் தினமும் செண்டு கட்டி, தன் கையாலேயே வலது காதில் செருகி அனுப்பினவள் தலந்தா. சங்கம் தொடங்கிய அடுத்த மாதமே அவள் போய்விட்டாள். நாற்பதாம் நாள் முடிந்து அவர் தோட்டத்துக்கு வந்தபோது எல்லோரும் அவருடைய காதைத்தான் பார்த்தோம். அவரே கட்டிய செண்டு, கொஞ்சம் கோணலாக, வலது காதிலேயே இருந்தது. அடுத்த வருடமும் அப்படித்தான். ஒன்பது கோடை அப்படியே போனது.

அந்த ஒன்பது வருடமும் நாங்கள் நல்ல சிநேகிதர்கள். ஜனவரியில் தெருவோரத்துக் கசப்பு நாரத்தை மரங்களுக்குச் சங்கமே கிளை வெட்டும். ஏணியை நான் பிடிப்பேன், அவர் ஏறுவார். ஏப்ரலில் அந்த மரங்களின் பூவைக் கூடை கூடையாய்ப் பறித்து, ஹயாத் வீட்டு முற்றத்தில் பெரிய செப்புப் பானையில் வாலை வடிப்போம். பூநீர் சொட்டுச் சொட்டாய் இறங்கும்வரை அவர் அடுப்பு பார்ப்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவேன். மாதம் ஒரு ஞாயிறு பதியன் மாற்றிக்கொள்ளும் சந்தை. அதில் ஆட்டுப் புழுக்கையா கோழி எச்சமா என்று எனக்கும் அவருக்கும் நடக்கும் சண்டையைப் பார்க்கவே கூட்டம் கூடும். கூட்டம் முடிந்ததும் ரொட்டிக்கடை முக்குவரை என் கூடையைத் தூக்கிக்கொண்டு வருவார். மரியாதைக்கு என்னை லல்லா என்றுதான் கூப்பிடுவார். அங்கே அவர் தெரு இடப்பக்கம், என் தெரு வலப்பக்கம். நான் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார், பதில் மட்டும் அதிகம் வராது. ஆழமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். என் அறிவைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

பத்தாவது கோடையில், ஜூன் நடுவில் ஒரு வியாழக்கிழமை, ஸீ ஷெத்லி தோட்டத்துக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். தொப்பி வழக்கத்தைவிடத் தாழ இறங்கியிருந்தது. செண்டு இடது காதில் இருந்தது.

ரோஜாக்காரர் ஹம்மாதி, முன்பு பஸ் ஓட்டினவர், கத்தரியைத் திறந்தபடியே நின்றுவிட்டார். மருந்துக்கடை வஸீலா, கணவனை இழந்து நான்கு வருடமானவள், தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். ஹயாத் என்னைப் பார்த்தாள். நான் ஒரு களையைப் பிடுங்கினேன். அது களை இல்லை, என்னுடைய கொத்தமல்லி.

அன்றிலிருந்து ஊரெல்லாம் இதே பேச்சு. வஸீலா அடுத்த வாரமே தேனில் ஊறிய பேரீச்சம்பழ மக்ரூத் பலகாரத்தைத் தட்டு நிறைய எடுத்து வந்தாள். சங்கத்துக்கு என்று சொன்னாள், தட்டை அவர் முன்னால் வைத்தாள். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் அவர் தட்டோடு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதோடு நின்றதா? நான் பேசுவதற்கெல்லாம் அவர் பதில் சொல்லத் தொடங்கினார். போன மாதம் நான் போகிற போக்கில் சொன்ன எலுமிச்சைக் கன்றைப் பற்றி, அது துளிர்விட்டதா என்று கேட்டார். என் கிண்டலுக்குச் சிரித்தார், அதுவும் சரியான இடத்தில் சிரித்தார். ரொட்டிக்கடை முக்கில் நின்று கால் மணி நேரம் பேசினார். ஒன்பது வருடம் தலையை மட்டும் ஆட்டின மனுஷன் இப்படி மாறினால் ஒரு பெண் என்ன நினைப்பாள்? நானும் அதைத்தான் நினைத்தேன். அறுபத்து மூன்று வயதில் மருதாணி வாங்கித் தலைக்குப் போட்டுக்கொண்டேன். ஹயாத் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்ததே எனக்குப் பெரிய தைரியமாகிவிட்டது.

ஜூலை கடைசி வியாழக்கிழமை. ஆகஸ்டு முதல் சனிக்கிழமை எங்கள் மல்லிகை மாலை. வருடத்தில் பெரிய விசேஷம் அதுதான். எல்லோருமாய் நூற்றுக்கணக்கில் செண்டு கட்டி, முதியோர் இல்லத்தில் கொடுத்துவிட்டு, கடற்கரைச் சாலையில் ஊர்வலமாக நடப்போம். அதற்கு எத்தனை மொட்டு தேறும் என்று பார்க்க நானும் அவரும் வேலிப் பக்கம் போனோம். அவருக்கு வலப்பக்கம் நான் நின்றேன். வெயில் தணிந்திருந்தது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"ஸீ ஷெத்லி, பூ வலது காதுலேர்ந்து இடது காதுக்கு வந்து ஆறு வாரமாச்சு" என்றேன். "யாருக்காகன்னு ஊரே கேக்குது. நான் அதைக் கேக்கலை. எனக்காகவான்னு மட்டும் கேக்கறேன்."

அவர் கை மொட்டைப் பறிக்காமல் நின்றது. வெகுநேரம் என்னைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். வலது காதுக்குப் பின்னால், தோல் நிறத்தில், அவரைக்கொட்டை அளவுக்கு ஒரு கருவி உட்கார்ந்திருந்தது.

"இது வந்ததால அது அங்க போச்சு, லல்லா" என்றார். "இடது காது முழுக்கப் போயாச்சு. வலதுல கொஞ்சம் மிச்சம் இருக்கு, அதனால மெஷினை இங்க மாட்டியிருக்காங்க. ரெண்டும் ஒரே காதுல நிக்கலை, பூ பட்டா விசிலடிக்குது. சங்கத்துல சொல்லியிருப்பேன். வியாதியைப் பத்திப் பேசக் கூடாதே." தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "தலந்தா பூ வெச்ச எடத்துல இதை வெக்கவேண்டி வந்துச்சேன்னு தினமும் அவகிட்ட மன்னிப்பு கேட்டுட்டுத்தான் மாட்டறேன்."

ஒன்பது வருடமாக அவருக்குக் காது மெல்ல மெல்ல மந்தமாகிக்கொண்டே வந்திருக்கிறது. என் கதைகளில் பாதி அவர் காதில் விழவே இல்லை. கேட்காததை மறைக்கத்தான் தலையை ஆட்டியிருக்கிறார். இந்த ஆறு வாரமாக நான் காதல் என்று நினைத்துக்கொண்டது வேறொன்றும் இல்லை, அவருக்குக் காது கேட்டிருக்கிறது. எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. பரவாயில்லை, பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே மொட்டுகளைப் பறித்தேன். எத்தனை பறித்தேன் என்று கணக்குச் சொல்லாமலே வீட்டுக்குப் போய், முகத்தைக் கழுவிக் கழுவித் துடைத்தேன்.

என் வெட்கத்தோடு போயிருந்தால் இதை நான் எழுதியிருக்கவே மாட்டேன். மறுநாள் வெள்ளிக்கிழமை கடைத்தெருவில் அவரைப் பார்த்தேன். பூ வலது காதில், பழைய இடத்தில் இருந்தது. கருவி இல்லை. ஏன் என்று கேட்டேன். காதில் விழவில்லை. கையால் ஜாடை காட்டி, அவர் காதுக்குள் கத்திக் கேட்டேன். ரொட்டி வாங்க வந்த கூட்டமே திரும்பிப் பார்த்தது.

"முப்பத்தெட்டு வருஷம் மைக்ல ஒக்காந்தவன் நான்" என்றார், காது கேட்காதவர்கள் பேசுவதுபோல் கொஞ்சம் உரக்க. "வராத வண்டியை ஒரு நாளும் வருதுன்னு சொன்னதில்லை. உங்ககிட்ட சொல்லிட்டேன், லல்லா. ஆறு வாரம் இந்தப் பூவால சொல்லிட்டேன். இனிமே சொல்ல மாட்டேன்."

பூ இல்லாமல் வெறும் காதோடு கருவியை மாட்டிக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். சட்டை இல்லாமல் தெருவில் போகச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார்.

திங்கட்கிழமை அது நடந்தது. ரயில் கேட்டில் மணி அடித்துக்கொண்டிருந்தது. கம்பம் இறங்கிவிட்டது. ஓரமாய் இருந்த நடைவழியில் ஸீ ஷெத்லி பூவாளியோடு நிதானமாகத் தண்டவாளத்தில் இறங்கினார். வந்துகொண்டிருந்தது துனிஸ் வண்டி, அவருடைய வாயால் ஆயிரக்கணக்கான தடவை வந்த அதே வண்டி. கேட்காரர் ஓடிப்போய்ச் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். பூவாளி மட்டும் நசுங்கியது. காரணம் எனக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாளே மகள் இனேஸ் ஸ்ஃபாக்ஸிலிருந்து வந்துவிட்டாள். அவள் கெட்டவள் இல்லை, பயந்துபோயிருந்தாள். கருவியை மாட்டிக்கொள்வதாக இருந்தால்தான் இங்கே தனியாக இருக்கலாம் என்று ஆரம்பத்திலேயே அப்பாவும் மகளும் பேசி வைத்திருக்கிறார்கள். அவர் காரணமும் சொல்ல மாட்டேன் என்கிறார், மாட்டவும் மாட்டேன் என்கிறார். ஆகவே சனிக்கிழமை மல்லிகை மாலை முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகப் போவதாக அவள் என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள். ஸ்ஃபாக்ஸில் அவளுடைய வீடு நான்காம் மாடி. ஒரு தொட்டி வைக்கக்கூட பால்கனி இல்லை.

நான் உட்கார்ந்து யோசித்தேன். அவருக்கு நான் வேண்டாம் என்றால் வேண்டாம். அதைத் தாங்கிக்கொள்ள எனக்குத் தெரியும், பழக்கம் இருக்கிறது. ஆனால் வியாழக்கிழமை நான்கு மணிக்கு அந்தக் கதவு திறக்கும்போது அந்தத் தொப்பி உள்ளே வராது என்றால், அதை என்னால் தாங்க முடியாது. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்வது ஒன்றுதான் வழி. பேசினால் கேட்காதே, அதனால் எழுதினேன். இருபத்தெட்டு வருடம் தந்தி எழுதிய கை. "வியாழன் சொன்னது விளையாட்டு. கருவி மாட்டவும். பூ இடது காதிலேயே இருக்கட்டும். ரஃபீக்கா." நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"நீங்கதான் சொல்லியிருக்கீங்க, லல்லா" என்றார். "தந்தி அடிச்சு முடிச்சுட்டா, அனுப்பினவங்களே வந்து அழுதாலும் திரும்ப வாங்க முடியாதுன்னு."

பூநீர்ப் பானைக்குப் பக்கத்தில் நான் அளந்த நூறு கதைகளில் இது ஒன்று. காது கேட்காத ஒன்பது வருடத்தில் இதுவா போய் விழுந்திருக்க வேண்டும்?

நேரே ஹயாத் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஒலிபெருக்கிக் குரலில் தொடங்கிச் சொன்னேன். ஐம்பத்தேழு வருடத் தோழி, அவளிடம்கூட அதுவரை சொன்னதில்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். என் யோசனை ஒன்றுதான். இடது காது என்பது சேதியாக இருக்கிறவரைக்கும் அவர் அங்கே பூ வைக்க மாட்டார். அதைச் சேதியே இல்லாமல் ஆக்கிவிட வேண்டும். சங்கத்தில் உள்ள ஆண்கள் அத்தனை பேரும், கல்யாணம் கட்டினவர் கட்டாதவர் எல்லோரும், இடப்பக்கமே வைக்க வேண்டும். ஹயாத் சொன்னால் செய்வார்கள். அவள் சொன்னால் இந்த ஊரில் மலையே கொஞ்சம் நகர்ந்து உட்காரும்.

"யோசிச்சுத்தான் சொல்றியாடி?" என்று கேட்டாள் ஹயாத். "அப்புறம் இடது காதுக்கு அர்த்தமே இல்லாமப் போயிடும். நாளைக்கு நெஜமாவே அவர் மனசு மாறி, உனக்காகவே அங்க வெச்சாக்கூட உனக்குத் தெரியப்போறதில்ல."

"ஆள் ஸ்ஃபாக்ஸ்ல இருந்தா மட்டும் தெரியுமா?" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையெல்லாம் மிளகாய், என் கை எரிந்தது. அதைச் சாக்காக வைத்து இரண்டு பேரும் அழுதோம்.

சனிக்கிழமை மூன்று மணியிலிருந்தே தோட்டத்தில் கூட்டம். மொட்டுகளை ஈரத் துணியில் கொட்டி வைத்து, வட்டமாக உட்கார்ந்து செண்டு கட்டினோம். ஒரு பக்கம் பைன் விதை மிதக்கும் தேநீர், ஒரு பக்கம் எண்ணெயில் பொரிந்துகொண்டிருந்த பம்பலோனி இனிப்பு வடை. ஸீ ஷெத்லி ஒரு மூலையில், வலது காதில் பூவோடு, கடைசியாகக் கட்டுகிற மனுஷனின் கவனத்தோடு கட்டிக்கொண்டிருந்தார். இனேஸ் பக்கத்திலேயே இருந்தாள். ஐந்து மணிக்கு ஹயாத் எழுந்து நின்று, சங்கத்துக்கு இன்று முதல் மூன்றாவது சட்டம் என்று அறிவித்தாள். ஆண்கள் எல்லோரும் இடது காதில்தான் பூ வைக்க வேண்டும். காரணம் கேட்பவர்களுக்குப் பத்து வாளி.

காரணம் எல்லோருக்கும் முன்பே காதும் காதும் வைத்தாற்போல் சொல்லியாகிவிட்டது, கருவியைப் பற்றி மட்டும். என்னைப் பற்றி இல்லை. ஆனால் மனைவிமார்களிடம் சொல்ல மறந்துவிட்டோம். ஹம்மாதி கம்பீரமாக இடது காதில் செருகிக்கொண்டதும் அவருடைய மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினப்புறம் நீ உன் காதுல பூவ வெச்சுக்கிட்டு என் காதுல சுத்தப் பாக்கறியா?" என்றாள்.

கூட்டம் சிரித்து உருண்டது. சத்தம் கேட்காத ஸீ ஷெத்லி, எல்லோருடைய வாயும் திறந்திருப்பதைப் பார்த்துத்தான் நிமிர்ந்தார். ஹம்மாதியின் காதைப் பார்த்தார். அடுத்தவர் காதைப் பார்த்தார். ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஏழு ஆண்கள், ஏழு இடது காது. வஸீலாவின் எண்பது வயது மாமனார்கூட நடுங்கும் கையால் இடப்பக்கம் செருகிக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் பார்வை என்மேல் வந்து நின்றது. நான் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன்.

சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். அதன் மடிப்பில் கருவி இருந்தது. கூடவே ஒரு காகிதமும் மடித்து இருந்தது, என்னுடைய தந்தி. காகிதத்தைத் திரும்பவும் பையில் வைத்தார். கருவியை வலது காதில் மாட்டினார். பூவை எடுத்து, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, இடது காதில் செருகினார். இனேஸ் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஸ்ஃபாக்ஸுக்கு அவள் தனியாகத்தான் திரும்பப் போகிறாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஊர்வலம் புறப்படும்போது என் பக்கம் வந்தார். லல்லா, நீங்கள் எனக்காக என்று ஏதோ தொடங்கினார். வியாதியைப் பற்றிப் பேசக் கூடாது, பத்து வாளி என்றேன். அவர் நிறுத்திக்கொண்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்று, தொண்டையைச் செருமி, மலையடித் தோட்டச் சங்கம் முதியோர் இல்லம் வழியாகக் கடற்கரைக்குப் புறப்படுகிறது என்று அறிவித்தார். அந்தக் குரலில் அறிவித்தார். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது அதைக் கேட்டு. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கையில் கைப்பை இல்லையே என்று இருந்தது. ஏழு பத்து வண்டிக்கு நிற்கிற பெண்ணாக ஒரு நிமிடம் நின்றேன், பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

இது நடந்து இரண்டு கோடை முடிந்துவிட்டது. இப்போது எங்கள் தெருக்களில் பாதி ஆண்கள் இடப்பக்கம்தான் பூ வைக்கிறார்கள்; காரணம் தெரியாமலே வைக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பெண் தேடும் இளவட்டங்கள் எங்களைத் திட்டுவதாகக் கேள்வி. வஸீலா மக்ரூத் கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள். ஸீ ஷெத்லி அதே வீட்டில் இருக்கிறார், புதுப் பூவாளி வாங்கியிருக்கிறார், என் கூடையை ரொட்டிக்கடை முக்குவரை தூக்கி வருகிறார். ஆட்டுப் புழுக்கைதான் உசத்தி என்று இன்னும் சாதிக்கிறார். சாயங்காலம் அவர் காதைப் பார்க்கும்போதெல்லாம், அந்தப் பூ கருவிக்காக அங்கே இருக்கிறதா, வேறு எதற்காகவாவது இருக்கிறதா என்று எனக்குள் ஒரு கேள்வி எழும். அதற்குப் பதில் கிடைக்கும் வழியை நானே அடைத்தேன், யாரையும் குறை சொல்ல முடியாது. அந்தத் தந்தியை என்ன செய்தார் என்றும் நான் கேட்டதில்லை.

கூட்டத்தில் நாங்கள் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறோம். உரம், பூச்சி, நாற்று, ஹயாத்தின் அதிகாரம், இதையெல்லாம் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து பேசுகிறேன். மற்றதைப் பேசத் தோன்றும்போது எழுந்துபோய் இடப்பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன், பூ இருக்கும் பக்கம். மெதுவாகத்தான் சொல்வேன். அந்தக் காதுக்கு ஒன்றும் கேட்காது.

போன வியாழக்கிழமை அவர் என்னிடம் கேட்டார். "ஏன் லல்லா, பேசிட்டு இருக்கும்போதே அடிக்கடி எடம் மாறி ஒக்கார்றீங்க?"

வெயில் என்று சொன்னேன்.